தொண்ணூற்றேழு வாங்கிய வீடு

சுவரில் பல்லி இருந்தால் நம்மூரில் யாரும் கவலைப்படுவதில்லை. அது கத்தினால்தான் எந்தத் திசை, என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். ஒஹாயோவில் எல்லாம் தலைகீழ். அங்கே பல்லி கத்தவே கத்தாது. வீட்டில் இருக்கிறவர்கள் கத்தினால் அது கேட்டுக்கொண்டிருக்கும்.

உள்ளங்கை அளவு வெள்ளை பிளாஸ்டிக். கூரைக்கு ஒரு சாண் கீழே ஒட்டியிருக்கும். ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு. அதன் அரசாங்கப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீடுகளில் எல்லாம் அதை ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்த வாரமே கொலம்பஸ் பக்கத்துத் தமிழர்கள் அதற்குப் பல்லி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் மட்டும் நாம் எப்போதும் வேகம்.

சுபிக்ஷாவின் வீட்டில் பல்லியை ஒட்ட வந்தவள் கார்லா என்கிற குழந்தை நல அலுவலர். ஐம்பது வயதிருக்கும். வாசலில் செருப்புகளைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே தன் பூட்ஸைக் கழற்றினாள். நல்ல பெண்மணி. இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேடி ஏமாற வேண்டாம்.

"நாங்க பேசறதை எல்லாம் இது கேக்குமா?" என்றான் நந்தகிஷோர். சுபிக்ஷாவின் கணவன், வீட்டில் நந்து. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் இருந்தான். சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

"வார்த்தை எதுவும் இதுக்குப் புரியாது. புரியக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு," என்றாள் கார்லா ஆங்கிலத்தில். "குரல் எவ்வளவு உயருது, எவ்வளவு வேகமாப் பேசறீங்க, கதவை எப்படிச் சாத்தறீங்க, தட்டை எப்படி வைக்கறீங்க, இவ்வளவுதான். வாரா வாரம் நூத்துக்கு ஒரு மதிப்பெண் குடுக்கும்."

"எதுக்கு மதிப்பெண்?"

"அம்மா அப்பா சேர்ந்து இருக்காங்களா, பிரிஞ்சுட்டாங்களா, ஒருத்தரே வளர்க்கறாங்களா, இதைத்தான் ரொம்ப வருஷம் எண்ணிக்கிட்டு இருந்தோம். அதைவிட வீட்டுக்குள்ள சண்டை இருக்கா இல்லையாங்கறதுதான் குழந்தையைப் பாதிக்குதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. அதனால சண்டையை அளக்கறோம். அறுபதுக்குக் கீழ போனா எச்சரிக்கை வரும். நாற்பதுக்குக் கீழ போனா குழந்தையைக் கொஞ்ச நாள் வேற குடும்பத்துல வைப்போம். நல்ல குடும்பம். பயிற்சி எடுத்தவங்க."

"குழந்தை எப்படி இருக்குன்னு இது பார்க்காதா?" என்று சுபிக்ஷா கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கார்லா எதிர்பார்க்கவில்லை. "வீடு நல்லா இருந்தா குழந்தை நல்லா இருக்கும்," என்றாள்.

சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எட்டு வயது ஆதிரை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளை ஆடி என்று கூப்பிடுவார்கள். அவள் பேச்சுக்காரி. இரண்டு பல் விழுந்த வாயோடு நாள் முழுக்கப் பேசுவாள்.

முதல் வார மதிப்பெண் ஐம்பத்தெட்டு.

சுபிக்ஷா கோபிச்செட்டிபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். நந்து கோயம்புத்தூரில் கணக்கில் நூற்றுக்கு நூறு. ஐம்பத்தெட்டு என்கிற எண்ணை இருவருமே தங்கள் பெயருக்குப் பக்கத்தில் பார்த்ததில்லை. குழந்தை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, உண்மையைச் சொன்னால், அவமானம்தான் முதலில் வந்தது.

ஐம்பத்தெட்டுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கோபியில் சுபிக்ஷாவின் அப்பாவுக்கு இதய நோய் முற்றியது. அவள் கிளம்பத் தயாரானாள். நந்துதான் தடுத்தான். இப்போது நாட்டைவிட்டு வெளியே போனால் விசா முத்திரை கிடைக்காமல் மாதக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொள்வாய், டிசம்பரில் நிலைமை சரியாகும், அப்போது போகலாம் என்றான். அக்டோபரில் அப்பா போய்விட்டார். சுபிக்ஷா அவரை ஃபோனில்தான் பார்த்தாள். நடுவில் இரண்டு முறை படம் நின்றுவிட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் எந்தப் பேச்சும், உப்புக் கூடிப்போன பேச்சாக இருந்தாலும், கடைசியில் அந்த அக்டோபரில் போய்த்தான் முடிந்தது.

எச்சரிக்கை வந்ததும் சுபிக்ஷா தமிழ் அம்மாக்கள் குழுவில் கேட்டாள். நுழைவுத் தேர்வுக்கு வழி சொல்வதுபோல் வழிகள் வந்து குவிந்தன. நாற்காலிக் கால்களுக்கு அடியில் துணி ஒட்டுங்கள். எவர்சில்வரைப் பரணில் போட்டுவிட்டு ரப்பர் தட்டு வாங்குங்கள். மிக்ஸியை கராஜுக்கு மாற்றுங்கள். குக்கர் விசிலைப் பல்லி அலறல் என்று எடுத்துக்கொள்கிறது, சுற்றிலும் ஈரத்துணி போடுங்கள். எல்லாம் செய்தார்கள். அறுபத்து மூன்று வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் மறுபடியும் கீழே இறங்கியது.

பிறகு ஒருநாள் சுபிக்ஷா வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி மகளிடம் சொன்னாள்.

"கண்ணு, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

அப்பா ஐந்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப பசிக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லு அம்மிணி," என்றான் நந்து.

நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இருந்தால் குழந்தைதான் தபால். ஊரில் என்றால் இது இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. யாராவது ஒரு அத்தையோ சித்தப்பாவோ உள்ளே புகுந்து இரண்டு பேரையும் திட்டி, காரியத்தைக் கெடுத்து, பேசவைத்துவிடுவார்கள். இங்கே உள்ளே புக ஆள் இல்லை. இருந்ததெல்லாம் பல்லி. அந்த வாரம் பல்லி எழுபத்தெட்டு கொடுத்தது.

அடுத்த மாதம் எண்பத்தொன்பது. பல்லியின் விளக்கு பச்சையாகவே இருந்தது. சண்டைதான் இல்லையே!

ஆதிரைக்கு முதலில் இது விளையாட்டாக இருந்தது. மாடிக்கும் கீழுக்குமாக ஓடினாள். சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். அது மாறியது, பக்கத்து வீட்டுக்குக் கார் வந்த நாளில்.

பக்கத்து வீட்டில் ரோண்டா இருந்தாள். வீடு விற்றுக் கொடுக்கும் தரகு வேலை, புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. கோபம் வந்தாலும் கத்துவார்கள், பான்கேக் கருகினாலும் கத்துவார்கள், பந்தாட்டத்தில் யாராவது ஜெயித்தாலும் கத்துவார்கள். ரோண்டா சிரித்தால் சுபிக்ஷா வீட்டு ஜன்னல் அதிரும். ஆதிரைக்கு அந்த வீடு என்றால் உயிர். பல்லிக்கோ சிரிப்புக்கும் சண்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கதவு படார் என்று சாத்தப்பட்டால் படார்தான். முப்பத்தாறு என்று குறித்தது. ஒரு சனிக்கிழமை காலை வெள்ளை கார் வந்து பிள்ளைகள் மேசனையும் கோராவையும் ஏற்றிக்கொண்டு போனது. கோரா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஆதிரை அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முழுதும் பார்த்தாள்.

அன்று முதல் அவள் மாடிப்படியில் ஓடவில்லை. நடந்தாள். பாதிப் படியில் நின்று, உதட்டை அசைத்து, பிறகு மீதியை ஏறினாள். பாட்டு ஏதோ முணுமுணுக்கிறாள் என்று சுபிக்ஷா நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் நந்து மாறியதுபோல் சுபிக்ஷாவுக்குத் தோன்றியது.

"அம்மா, உங்க கை வலி எப்படி இருக்குன்னு அப்பா கேக்கறாங்க."

"அம்மா, கல்யாண நாளைக்குச் சேமியா பாயசம் வைப்பீங்களான்னு அப்பா கேக்கறாங்க. அன்னைக்கு மொதமொதல்ல நீங்க வச்சது மாதிரி."

அவள் பாயசம் வைத்தாள். நந்து இரண்டு கிண்ணம் குடித்தான். எதுவும் சொல்லாமல் கிண்ணத்தைத் தானே கழுவி வைத்தான். அவனுக்கும் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. சளி பிடித்திருக்கிறதே என்று மிளகு ரசம் வைத்திருக்கிறார்களாம். நீலச் சட்டை நன்றாக இருக்கிறதாம். சுபியா இப்படி, என்று அவன் மாடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தான்.

வசந்தம் வந்து பனி உருகிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஆதிரை அடுப்படிக்கு வந்து அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா. தாத்தா விஷயத்துல அப்பா தப்புப் பண்ணிட்டாங்களாம். அதை நேர்ல சொன்னா அவங்களுக்குத் தாங்காதாம். அதனால நீங்க அதைப் பத்திப் பேச வேண்டாமாம். சொல்லச் சொன்னாங்க."

சுபிக்ஷா துணி துவைக்கும் அறைக்குப் போனாள். டிரையரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அழுதாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள்! ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் நேரில் பேசினால் தாங்கமாட்டேன் என்றானே. இருக்கட்டும், அவனாக வரட்டும். மறுநாள் அவன் தோசைக்கு நெய் கூடுதலாக ஊற்றினாள்.

மாடியில் நந்துவுக்குப் போன செய்தி வேறு. அம்மாவுக்கு உங்கள் மேல் கோபமே இல்லையாம், ஆனால் பேசினால் அழுதுவிடுவார்களாம், கொஞ்ச நாள் போகட்டுமாம். அவனும் காத்திருந்தான்.

அந்த வாரம் தொண்ணூற்றேழு.

கொலம்பஸ் வட்டாரத்துத் தமிழர்களில் அதுதான் முதலிடம். அது இறங்காமலே நின்றதால், அடுத்த ஜனவரியில் பொங்கல் விழாவில் இவர்களை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். ரகசியம் என்ன என்று மைக்கை நீட்டினார்கள்.

"நாங்க குரலே உயர்த்தறதில்லைங்க," என்றான் நந்து. அரங்கம் கைதட்டியது.

"குட்டிம்மா, நீ என்ன சொல்றே?" என்று மைக் ஆதிரையிடம் போனது. அவள் அதைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

வெட்கம் இல்லை. அடுத்த வாரமே பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆதிரை வகுப்பில் பேசி இரண்டு மாதம் ஆகிறது என்றாள் ஆசிரியை. கேட்டால் தலையாட்டுகிறாள், எழுதிக் காட்டுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. மதிய உணவைத் தொடுவதில்லை. பல்லை இறுகக் கடித்தே வைத்திருப்பதால் கடைவாய்ப் பல் ஒன்றில் விரிசல் விட்டிருக்கிறது.

பள்ளியின் ஆலோசகர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "வீட்டு மதிப்பெண் தொண்ணூத்தேழு. எங்க பள்ளியிலயே இதுதான் அதிகம். அதனால வீட்டுல காரணம் தேட வேண்டியதில்லை. கோளாறு குழந்தைகிட்டதான் இருக்கணும்."

"வீட்டுல நல்லாப் பேசறாளே," என்றாள் சுபிக்ஷா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. வீட்டில் என்ன பேசுகிறாள்? அப்பா சொன்னார், அம்மா சொன்னார். அதைத் தவிர? தனக்கு இது வேண்டும், இது பிடிக்கவில்லை என்று ஆதிரை கடைசியாக எப்போது சொன்னாள்? யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாதி மாத்திரை காலையில்.

அந்தச் சனிக்கிழமை மதியம் சுபிக்ஷா வீட்டு வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ரோண்டா தன் வாசலில் சும்மா நின்றிருந்தாள். பிள்ளைகள் இன்னும் திரும்பி வரவில்லை. வீடு இன்னும் கொஞ்ச நாள் அடங்கியே இருக்கிறதா என்று பார்க்கப் பல்லியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"இப்ப என் வீடு நூறு வாங்குது," என்றாள் ரோண்டா. "நான் மட்டும்தானே இருக்கேன். டி.வி.கூடப் போடறதில்லை."

வேறு பேச்சாக, ஆதிரை பள்ளியில் பேசுவதில்லை, பல்லில் விரிசல் விட்டிருக்கிறது என்றாள் சுபிக்ஷா.

"பேசறதில்லையா? எங்க அடுப்படியில வந்து நிறுத்தாமப் பேசறாளே." ரோண்டா வேலிக்குப் பக்கத்தில் வந்தாள். "ஒரு விளையாட்டு வச்சிருக்கா. ரெண்டு நாற்காலியை எதிரெதிரே போடுவா. ஒண்ணு அம்மா, ஒண்ணு அப்பா. நடுவுல நின்னு ஒத்திகை பார்ப்பா. அம்மா இப்படிச் சொன்னாங்க, நான் அதை எப்படிச் சொல்லட்டும்னு என்னைக் கேப்பா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. ஆனா பல்லு விரிசல் விட்டிருக்குன்னு சொல்றியே."

"எப்படிச் சொல்லட்டும்னா என்ன அர்த்தம்?"

"நல்ல மாதிரி மாத்திச் சொல்லுவா போல. நேத்து கேட்டா, ‘நான் தப்பாச் சொல்லிட்டா கோராவைக் கூட்டிட்டுப் போன மாதிரி என்னையும் கூட்டிட்டுப் போவாங்களா?’ன்னு."

சுபிக்ஷா பனி தள்ளும் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

நந்து சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தான். அவள் எதிரில் நின்றாள். நடுவில் யாரும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவள் அவனிடம் நேராகப் பேசி. அவன் லேப்டாப்பை மூடினான். முகத்தில் பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. "உக்காரு சுபி. அழாதே. பேசினா அழுதுடுவேன்னு சொல்லி அனுப்பினே, அதான் நானும் பேசாம இருந்தேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை."

இருவரும் ஒரே நேரத்தில் பல்லியைப் பார்த்தார்கள். குரல் தானாகத் தணிந்தது.

"என் கை வலி எப்படி இருக்குன்னு கேட்டீங்களா?"

"எந்தக் கை?"

"பாயசம்?"

"நீயாத்தானே வச்சே?"

"நீலச் சட்டை நல்லா இருக்குன்னு நான் சொன்னதா உங்ககிட்ட வந்துச்சா?"

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். அதே நீலச் சட்டை. "நீ சொல்லலையா?" என்றான் மெதுவாக.

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். ஒன்றுகூட அவர்களுடையது இல்லை. ஒரு வருஷ அன்பு முழுவதும் அந்தப் பாதிப் படியில் நின்று ஒன்பது வயதுக் குழந்தை தானாகச் செய்தது. அந்த அன்பை இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

சுபிக்ஷா கடைசிக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"எங்கப்பா விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே. அது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவன் மகள் அதைச் சொல்லியிருப்பாள். ஆனால் நந்து பொய் சொல்லிப் பழகாதவன், சொல்ல வேண்டிய நேரத்தில்கூட.

"நான் சொல்லலை சுபி. தப்புன்னும் நினைக்கலை. நீ போயிருந்தா எட்டு மாசம் அங்கேயே மாட்டியிருப்பே. குழந்தையை வச்சுக்கிட்டு நான்..."

சுபிக்ஷா கத்தினாள்.

வார்த்தை எதுவும் இல்லை முதலில், வெறும் சத்தம். பிறகு வார்த்தைகள் வந்தன. "எங்கப்பா மூஞ்சிய ஃபோன்ல பார்த்தேன் நான்! படம் நின்னு போச்சு, நான் ஹலோ ஹலோன்னு கத்தறேன், செத்துப்போன மனுஷன்கிட்ட ஹலோன்னு கத்தறேன்! நீங்க பக்கத்து ரூம்ல மீட்டிங்ல இருந்தீங்க!"

"எனக்கு மட்டும் அவர் யாரோவா? கதவுக்கு வெளியதான் நின்னேன்! உள்ள வந்தா நீ என்னைக் கொன்னுடுவேன்னு பயந்து நின்னேன்!"

"வந்திருக்கணும்! கொல்லட்டும்னு வந்திருக்கணும்!"

அவள் கையில் அகப்பட்ட தட்டை எடுத்து எறிந்தாள். அது ரப்பர் தட்டு. சத்தமே வரவில்லை. அது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. நாற்காலியைத் தள்ளினாள், காலில் துணி ஒட்டியிருந்ததால் அதுவும் வழுக்கிக்கொண்டு போய் மெத்தென்று நின்றது. கடைசியில் அவள் குரல்தான் மிச்சம். நந்துவும் எழுந்து நின்று கத்தினான். இருவரும் அழுதார்கள், திட்டினார்கள், முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள். மேலே விளக்கு மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. அதை யாரும் பார்க்கவில்லை.

மூச்சு வாங்கி நின்றபோதுதான் நந்துவுக்கு உறைத்தது. "அம்மிணி எங்கே?"

பாதிப் படியில் இருந்தாள். கம்பியில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு கூச்சலிலும். வாய் லேசாகத் திறந்திருந்தது. பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கவில்லை. நந்து தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டபோதும் விழிக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு அங்கே வேலை இல்லை.

மறுநாள் காலை எழுந்து, "எனக்குத் தோசை வேண்டாம், பான்கேக் வேணும்," என்றாள். சுபிக்ஷா கரண்டியோடு திரும்பி நின்று அவளையே பார்த்தாள். எனக்கு வேண்டாம், எனக்கு வேணும். எத்தனை நாளாயிற்று!

திங்கட்கிழமை ஆசிரியை ஃபோன் செய்தாள். ஆடி இன்று கையைத் தூக்கிப் பதில் சொன்னாள், தப்பான பதில், ஆனால் சத்தமாகச் சொன்னாள் என்றாள். சுபிக்ஷா ஃபோனை வைக்கும்போதே திரையில் வார மதிப்பெண் வந்து விழுந்தது.

முப்பத்தொன்பது. ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

கார்லா அடுத்த நாள் வந்தாள். வெள்ளை கார். இந்த முறையும் பூட்ஸைக் கழற்றினாள்.

"இப்பதான் அவ பேச ஆரம்பிச்சிருக்கா," என்றாள் சுபிக்ஷா. "அவ நிம்மதியாத் தூங்கினதே அந்தச் சண்டையிலதான். ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க. தயவுசெஞ்சு கேட்டுப் பாருங்க."

"கேட்டேன். ரொம்ப நல்ல விஷயம். ஆனா அதை வேற பிரிவு பார்க்குது. என்கிட்ட இருக்கறது வீட்டு மதிப்பெண்தான்." கார்லாவுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. சுபிக்ஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. அமைதி திரும்பினதும் அனுப்பிடுவோம். உங்களால முடியும். தொண்ணூத்தேழு வாங்கின வீடு இது."

அமைதி திரும்பினால் ஆதிரை திரும்பி வருவாள். வந்து, பாதிப் படியில் நிற்பாள். பேசினால் அவள் வரமாட்டாள். பேசாவிட்டால் வந்து மறுபடியும் நடுவில் நிற்பாள். சுபிக்ஷாவுக்கு இது புரிந்தது. நந்துவுக்கும் புரிந்தது என்று அவன் நின்ற விதத்தில் தெரிந்தது. சத்தமில்லாமல் பேசிப் பழகினால் என்ன என்று கேட்கலாம். அதற்குத்தான் இருவருக்கும் பழக்கம் போய்விட்டதே.

ஆதிரை கோராவைப்போல் கதவைப் பிடித்துக்கொள்ளவில்லை. தானாக ஏறி, தானாக பெல்ட் போட்டுக்கொண்டாள். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ரோண்டா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

கார் கிளம்பும்போது ஆதிரை கண்ணாடியை இறக்கினாள். அம்மா ஒரு பக்கம், அப்பா அவளுக்கு அடுத்து, ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"அம்மா, அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"வேண்டாம் கண்ணு. நானே சொல்லிக்கறேன்."

"அப்பா, உங்களுக்கு?"

நந்து இல்லை என்று தலையை ஆட்டினான்.

"மறந்துடாதீங்க," என்றாள் ஆதிரை இருவரையும் பார்த்து.

கார் திருப்பத்தில் மறைந்தது. இருவரும் உள்ளே வந்தார்கள். சுபிக்ஷா அடுப்படிக்குப் போய், சோறு வைத்து, ரப்பர் தட்டை மேசையில் வைத்தாள். சாப்பிட வாங்க என்று சொல்ல வேண்டும். படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். நந்து மேசைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவனும் அங்கேதான் பார்த்தான். அவன் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு நின்றுவிட்டது.

சுவரில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. வீடு நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தது.